பாதி மடங்கும் கை

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத நீள அறை அது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் வயிறு குலுங்கச் சுற்றிக்கொண்டிருக்கும். மறுபக்கம் இஸ்திரி மேஜைகள். மேஜை விரிப்பு, தலையணை உறை, சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அவள் கைபட்டுத்தான் மேலே போகும். மற்றப் பெண்கள் இயந்திரச் சத்தத்தையும் மீறித் தொண்டை கிழியக் கதை பேசுவார்கள். இவள் கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். ஏதாவது கேட்டால் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

"ஏன்டி, வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பார்கள்.

அவள் அத்தனை பேச்சையும் வீட்டுக்கென்று சேர்த்துவைத்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவளுடைய கணவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். கல்யாணம் ஆனபோது அவளுக்குக் கைமொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவனுடைய அக்கா, இவளுக்கு அண்ணி, முதல் வாரத்திலேயே வந்து பாடம் நடத்திவிட்டுப் போனாள். "ஒண்ணும் கஷ்டமில்லம்மா. சாப்பாடுன்னா வாயைக் காட்டு, தூக்கம்னா கண்ணைக் காட்டு. மத்ததெல்லாம் அவனுக்கு எதுக்கு?" தம்பியோடு ஒரே வீட்டில் வளர்ந்து அண்ணி கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மிச்சத்துக்கு அவள் குரலை உயர்த்திப் பேசுவாள், போதுமான அளவு கத்தினால் என்றைக்காவது கேட்டுவிடும் என்பதுபோல.

ஆனால் இவள் கற்றுக்கொண்டாள். சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, தட்டையும் தண்ணீரையும் காட்டிக் காட்டி அவன் சொல்லிக்கொடுத்தான். தப்பாகச் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஒருநாள் "பசிக்குது" என்று சொல்லப் போய் வேறு ஏதோ செய்துவிட்டாள். அவன் முகம் சிவந்து எழுந்து ஜன்னலைச் சாத்தினான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் சொன்ன பிறகு அவளுக்கும் முகம் சிவந்தது. கைமொழியில் நீ, நீங்க என்றெல்லாம் கிடையாது. விரலை நீட்டினால் எதிரில் இருப்பவர், அவ்வளவுதான். அந்த மரியாதையில்லாத நெருக்கம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு வருஷத்தில் அவள் அவனையே மிஞ்சிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் கதை ஆரம்பமாகும். சலவைக்கூடத்து மேற்பார்வையாளருக்கு விசில் என்று பட்டப்பெயர். அவர் தொந்தியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வரும் நடை, விரிப்பில் கறை கண்டதும் மூக்கைச் சுருக்கும் விதம், முதலாளி வந்தால் இடுப்பு இரண்டாக மடிவது எல்லாம் அவள் கையில் வரும். மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் விசில் நிமிர்ந்து நிற்பார். தொங்கவிட்டால் குழைந்து போவார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு மட்டும் பெரிய சத்தம் உண்டு, தனக்கே கேட்காததால் அதற்கு அளவு தெரியாது. ஊமைக்கோட்டான் என்ற பெயரையும் அவனிடம் சொன்னாள்.

"நீ ஊமைன்னா அப்போ நான் யாரு? மைக் செட்டா?" என்றான் அவன், கையால்.

உலகத்தை அவனிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அவள்தான். வீட்டுக்காரர், வங்கி, பஸ்ஸில் பக்கத்து இருக்கைச் சண்டை, அண்ணி வீட்டு விசேஷத்தில் யார் யாரைக் குத்திக்காட்டினார்கள் என்ற விவரம் எல்லாம் உடனுக்குடன் அவள் கைவழியாக அவனுக்குப் போகும். அண்ணி முறைப்பாள். "எல்லாத்தையும் ஏன் அவன்கிட்ட ஒப்பிக்கறே?" என்பாள். இவள் அதையும் சேர்த்து ஒப்பிப்பாள்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் இரண்டு பேரும் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருந்தார்கள். பேசித் தீர்த்த துக்கம் என்பதால் அது வீட்டில் ஒரு மூலையில் தன்பாட்டுக்குக் கிடந்தது.

அவள் விழுந்தது ஒரு மழைக்காலத்தில். சோப்புத் தண்ணீர் சிந்திய தரையில் கால் வழுக்க, கீழே விழாமலிருக்க வலது உள்ளங்கையை ஊன்றினாள். மணிக்கட்டு வீங்கியது. சுளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அதையே நம்பினாள். தைலம் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே இஸ்திரி மேஜைக்குப் போனாள். வீக்கம் வடிந்தது. கட்டைவிரலின் அடியில் ஒரு சின்ன வலி மட்டும் போகாமல் தங்கிவிட்டது. வேலை செய்கிற கைக்கு வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

வருஷங்கள் போகப் போக அந்த வலி தன் இடத்தை அகலப்படுத்திக்கொண்டது. முதலில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போது வந்தது. பிறகு குழாயைத் திறக்கும்போது, பூட்டில் சாவியைத் திருப்பும்போது, தலை வாரும்போது. கடைசியில் பேச்சுக்கும் வந்து சேர்ந்தது.

வலியோடு பேசுகிறவர்கள் முதலில் எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்தால், தேவையில்லாத பேச்சைத்தான். "சாப்பிடு", "கதவைச் சாத்து", "வாடகை கேட்டாங்க" இவையெல்லாம் மிஞ்சி நின்றன. விசிலின் கதைகள் போயின. பஸ் சண்டைகள் போயின. அவன் எதையாவது பார்த்துச் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பும்போது, அவளும் பதிலுக்கு ஒரு கேலியை எடுத்துவிட நினைப்பாள். மணிக்கட்டுக்குள் ஊசி இறங்கும். கையை மடியிலேயே வைத்துக்கொள்வாள்.

"என்ன கோபம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"கோபமில்ல. கை வலிக்குது."

"பேசக்கூட முடியாத வலியா?"

அவள் தலையாட்டினாள். அவன் அவளுடைய வலது கையை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மேஜைக் காலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அவனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டரம்மாவுக்கு வயது அதிகமில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"மணிக்கட்டுக்குள்ள எட்டு குட்டி எலும்பு இருக்கு. கூழாங்கல்லை ஒரு பையில போட்டுக் கட்டின மாதிரி. இது பாருங்க, கட்டைவிரல் பக்கம், முந்திரிப் பருப்பு அளவுல. இது எப்பவோ உடைஞ்சிருக்கு. ரெண்டு துண்டும் ஒட்டவே இல்ல. அதனால மத்த எலும்பெல்லாம் வரிசை குலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேஞ்சு போச்சு. எப்பவாவது விழுந்தீங்களா?"

"சுளுக்குன்னு நெனச்சோம்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க" என்றாள் டாக்டரம்மா. "உடைஞ்ச எலும்பை எடுத்துடலாம். பக்கத்துல இருக்கற நாலு எலும்பையும் ஸ்குரு போட்டு ஒண்ணா சேத்துடுவோம். உரசறது நின்னா வலி குறையும், முழுக்கப் போயிடும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கையை மேலயும் கீழயும் மடக்கறது பாதிதான் இருக்கும். பக்கவாட்டுலயும் குறையும். போன அசைவு திரும்ப வராது. வலியைப் போக்கறதுக்கு அசைவுல பாதியை விலையாக் கொடுக்கறோம்னு வெச்சுக்குங்க. அப்புறம், சில பேருக்கு எலும்பு சேராமலே போயிடும். அப்போ மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்."

பக்கத்து நாற்காலியில் அவன் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா நிறுத்தியதும் அவள் தோளைத் தொட்டான்.

"என்ன சொல்றாங்க?"

அவள் கையைத் தூக்கினாள். கூழாங்கல் பை, முந்திரிப் பருப்பு, வரிசை குலைந்த எலும்புகள் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குள் மணிக்கட்டு நெருப்பாக எரிந்தது. உடைந்ததை எடுப்பார்கள், நாலை ஒன்றாக்குவார்கள் என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் வலி போயிடும்."

"கை பழையபடி ஆயிடுமா?"

"ஆயிடும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் எத்தனையோ முறை தனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். வலி தாங்காமல் சுருக்கிவிட்டேன் என்று சில நாள் தோன்றும். உள்ளதைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவானோ என்று பயந்தேன் என்று சில நாள் தோன்றும். பாதிதான் மடங்கும் என்பதைத் தன் கையாலேயே சொல்லத் தனக்கு மனம் வரவில்லையோ என்னவோ. எதுவாயிருந்தாலும், அவன் முகம் அந்த இடத்தில் மலர்ந்தது. எழுந்து டாக்டரம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

ஆபரேஷன் முடிந்து முழங்கை வரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டோடு இருந்த அந்த நாட்கள் அவர்களுக்கு நல்ல நாட்களாகவே அமைந்தன. அவள் இடது கையால் பேசக் கற்றுக்கொண்டாள். எல்லாச் சொல்லும் கோணிக்கொண்டு வந்தது.

"மூணு வயசுக் குழந்தை பேசற மாதிரி இருக்கு" என்று அவன் கேலி செய்தான். இரண்டு கை தேவைப்படும் சொல் வந்தால் தன் வலது கையை அவளுக்கு இரவல் கொடுப்பான். ஒரு வாக்கியத்தில் பாதி அவள் கை, பாதி அவன் கை. தலை வாரிவிட்டான். அவளுக்குப் பித்தான் போட்டுவிட்டான். அண்ணி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, சமையலும் நீயா?" என்று சுவர் அதிரக் கேட்டாள். அவன் வாணலியைத் தூக்கிக் காட்டி, ஒரு வாய் எடுத்து அக்காவுக்கே ஊட்டப் போனான். அண்ணி பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டாள்.

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்து வந்தது வேறு யாருடைய கையோ போல் இருந்தது. மெலிந்து, தோல் உரிந்து, மேற்புறத்தில் ஒரு நீளத் தையலோடு. விரல்கள் அசைந்தன. மணிக்கட்டு மட்டும், கொஞ்சம் மேலே போய் நின்றது, கொஞ்சம் கீழே வந்து நின்றது.

"இப்போதானே பிரிச்சிருக்காங்க. வந்துடும்" என்றான் அவன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அவன் அதைக் கூடவே நின்று பார்த்து மனப்பாடம் செய்துகொண்டான். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் வெந்நீர் வைத்து அவள் கையை அதில் முக்கி, மெதுவாக மேலும் கீழும் அசைப்பான். முரட்டு மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறவன். எதையும் பொறுமையாகத் தேய்த்தால் வழிக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அவனுக்குத் தொழிலிலிருந்து வந்தது. வாரக்கணக்கில் விடாமல் செய்தான். "நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்பான். அவள் ஆமாம் என்பாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கொஞ்சம் பலம் கொடுத்து அழுத்தினான். அவள் அலறிவிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை, குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் இன்னும் ஒருமுறை அழுத்தினான். அவள் இடது கையால் அவன் நெஞ்சில் குத்தித் தள்ளினாள். தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்தது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனான்.

"விடு. மடங்காது" என்றாள் அவள். "இவ்வளவுதான். இனிமே இவ்வளவுதான்."

"யாரு சொன்னது?"

"டாக்டர்."

"எப்போ?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "முதல் நாளே."

தரையில் தண்ணீர் ஓடி அவன் காலை நனைத்தது. அவன் நகரவில்லை. அந்த நாளை நினைத்துப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. டாக்டரம்மாவின் வாய் எவ்வளவு நேரம் அசைந்தது, இவள் கை எவ்வளவு நேரம் பேசியது என்று அவன் இப்போது அளந்துகொண்டிருந்தான்.

பிறகு அவன் கைகள் மெதுவாகத்தான் பேசின. "எங்க அம்மா பாதி சொல்லுவாங்க. அக்கா அதுல பாதி. பள்ளிக்கூடத்துல, பட்டறையில, எல்லாரும் பேசி முடிச்சிட்டு எனக்குன்னு ஒரு துணுக்கு எடுத்துக் கொடுப்பாங்க. எங்கப்பா சாகப்போறார்னு எனக்கு மட்டும் தெரியாது. வீட்டுல அத்தனை பேருக்கும் தெரியும். நீ ஒருத்திதான் எனக்கு முழுசா சொல்றவன்னு நெனச்சிருந்தேன்."

"உனக்கு வருத்தமாயிருக்கும்னுதான்..."

அவள் முடிக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காது கேட்கிறவர்கள் சண்டையில் காதைப் பொத்திக்கொண்டாலும் கொஞ்சம் உள்ளே போகும். அவன் கண்ணை மூடினால் அவளுக்கு வழியே இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் அந்தரத்தில் நின்றன. அவன் தோளைத் தொடப் போய், தொடாமல், துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

அதன்பிறகு அவன் கோபமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தான். கனமான பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கேட்டால் பதில் சொன்னான். வெந்நீர் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். அவளும் கேட்கவில்லை. காது கேட்காதவர்களின் சங்கம் ஒன்று கடைத்தெரு மாடியில் இருந்தது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை இருவரும் போவார்கள். இப்போது பட்டறையிலிருந்து நேராக அங்கே போகத் தொடங்கினான். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்.

சலவைக்கூடத்தில் அவளால் இஸ்திரிப் பெட்டியை உயர்த்த முடியவில்லை. விசில் நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார். கைக்குட்டை மடிக்கிற மேஜையில் உட்காரவைத்தார். அதிலும் மற்றவர்கள் ஒரு அடுக்கு முடிக்கும்போது அவள் பாதியில் இருப்பாள். "கை நல்லா தேறட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒருநாள். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதையெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "வேலை போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"சரி. ஓய்வெடு" என்றான் அவன்.

போன வலியும் திரும்பி வந்தது. முதலில் குளிர்ந்த காலைகளில் எட்டிப் பார்த்தது. பிறகு வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது. புது எக்ஸ்ரேயில் டாக்டரம்மா வெகுநேரம் கண்ணை வைத்திருந்தாள். சேர்த்துவைத்த எலும்புகளில் ஒன்று ஒட்டவில்லை, ஸ்குரு தளர்ந்திருக்கிறது என்றாள். "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. பேசி முடிவு பண்ணுவோம்."

அவன் வந்தான். தனியாக வரவில்லை. சங்கத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து வந்திருந்தான். நடு வயதுக்காரர், சாம்பல் நிறச் சட்டை. தாய் தகப்பன் இருவரும் காது கேட்காதவர்கள் என்பதால் கைமொழியே அவருக்குத் தாய்மொழி. அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவனுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். போகிற இடத்திலெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல அவள் உட்காரும் இடம் அது.

அந்த மனிதர் எதையும் விடவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். நடுவில் தொலைபேசி அடித்தால் அடிக்கிறது என்று சொன்னார். வெளியே யாரோ குழந்தையை அதட்டியதைச் சொன்னார். அவருடைய மணிக்கட்டுகள் தண்ணீரில் மீன் திரும்புவதுபோல் திரும்பின. அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் தானும் இவ்வளவு நன்றாகப் பேசினோமா என்று நினைத்தாள். பேசினோம், இதைவிட நன்றாகவே.

"முதல் தடவை இவங்க வந்தப்போ என்னென்ன சொன்னீங்கன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கோப்பைத் திறந்து வரிசையாகச் சொன்னாள். பாதி அசைவு போகும் என்று சொன்னதை. வலி முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றதை. எலும்பு சேராமல் போகலாம், மறுபடி செய்ய நேரலாம் என்றதை. ஒவ்வொன்றும் கைகளில் உருவாகி அவனிடம் போய்ச் சேர்வதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். பாதி மடங்கும் என்பது மட்டும்தான் அவனுக்கு இதுவரை தெரியும். அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அவன் கேள்விகள் கேட்டான். அவள் கேட்கத் தோன்றாத கேள்விகள். இனி என்ன செய்யலாம்? மணிக்கட்டு முழுவதையும் ஒரே எலும்பாகச் சேர்த்துவிடலாம், உள்ளங்கையிலிருந்து முன்கை வரை தகடு வைத்து. அப்போது எவ்வளவு மடங்கும்? கொஞ்சமும் மடங்காது. விரல்கள்? விரல் மடங்கும், உள்ளங்கையைப் புரட்டலாம். வலி? பெரும்பாலும் போய்விடும். செய்யாவிட்டால்? இப்படியே இருக்கும், இன்னும் மோசமாகலாம். இந்த வலியோடு அவள் இவ்வளவு நாள் எப்படித் தூங்கினாள் என்றும் கேட்டான். அந்தக் கேள்வியை டாக்டரம்மாவிடம் கேட்டான்.

"அதை அவங்கதான் சொல்லணும்" என்றாள் டாக்டரம்மா.

மொழிபெயர்ப்பாளர் அவளைப் பார்த்தார். அவள் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மொழிபெயர்ப்பாளர் வேறு திசையில் போய்விட்டார். வெயில் சாய்ந்து கட்டடங்களின் நிழல் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. அவன் அவள் எதிரில் வந்து நின்றான்.

"செஞ்சுக்கோ" என்றான். "எவ்வளவு நாள் வலியோட இருப்ப?"

"மணிக்கட்டே மடங்காது. அப்புறம் நாம எப்படிப் பேசறது?"

அவளைக் குத்த வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

"இப்போ மட்டும் என்ன பேசறோம்?"

பஸ் வந்தது. அவன் முதலில் ஏறி அவளுக்குக் கைகொடுத்தான், இடது கைக்கு.

இரண்டாவது ஆபரேஷன் நன்றாக நடந்தது. இந்தமுறை எலும்பு ஒழுங்காக ஒட்டியது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி, "எவ்வளவு அழகா சேந்திருக்கு பாருங்க!" என்று உண்மையிலேயே மகிழ்ந்தாள். அவளுக்கும் டாக்டரம்மாவுக்காகச் சிரிக்க வேண்டியிருந்தது. வலி போய்விட்டது. காலையில் எழுந்ததும் கையைத் தேடி வலியை எதிர்பார்ப்பாள், அது இருக்காது. அந்த இடம் வெறுமையாக இருக்கும். முன்கையும் உள்ளங்கையும் ஒரே நேராக, துடுப்பு மாதிரி. பாத்திரம் கழுவலாம், சாவி திருப்பலாம். அண்ணி வந்து பார்த்துவிட்டு, "ஆச்சு, கடவுள் கண்ணைத் தொறந்துட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அண்ணியைப் பற்றித்தான் ஒருநாள் அவளுக்கு ஒரு கதை கிடைத்தது. பஸ்ஸில் அண்ணி சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி, பாதி வழியில் வீராப்பாக இறங்கி, குடையை மறந்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸின் பின்னாலேயே "என் குடை, என் குடை" என்று ஓடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னதிலிருந்து அது அவளுக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அவன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு சொல்ல ஆசைப்பட்ட ஒரு விஷயம்.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். அண்ணி பஸ்ஸில் ஏறினாள், சரியாக வந்தது. கண்டக்டர் வந்தார், வந்தது. அண்ணி விரலை ஆட்டிச் சண்டை போடும் இடத்தில் மணிக்கட்டு மடங்கி நிமிர வேண்டும். முழங்கையிலிருந்து மொத்தக் கையும் ஆடியது. திரும்பச் செய்தாள். குடை பறிபோன இடத்தில் கை தளர்ந்து தொங்க வேண்டும். அது நேராகவே நின்றது. இடது கையைத் துணைக்கு அழைத்தாள். அது வேகத்துக்கு வரவில்லை. அண்ணி ஓடினாள், ஆனால் அது அண்ணியாக இல்லை, ஏதோ ஒரு ஆள் ஓடுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகப் பார்த்தான். ஒரு சொல்லையும் விடவில்லை. கதை முடிந்ததும் தலையாட்டிப் புன்னகைத்தான். பெட்டிக்கடைக்காரர்கள், பட்டறை முதலாளி, அண்ணி என்று யார் எதிரில் நின்று வாயசைத்தாலும் அவர்கள் மனம் நோகாமலிருக்க அவன் வைத்திருக்கும் புன்னகை ஒன்று உண்டு. அதை அவள் எத்தனையோ தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நல்லாயிருக்கு" என்றான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அவள் தட்டைக் காட்டிக் கேட்டாள்.

அவன் போதும் என்றான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. கை கொஞ்சமும் வலிக்கவில்லை.